எலும்பு கூடிவிட்டது, கை ஏன் தூக்கவில்லை?

வாசகர் கேள்விகளுக்கு மதுரை மனநல ஆலோசகர் ஒருவரின் பதில்கள்

போன இதழில், விபத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவருக்கு, "மனசோடு உடம்பையும் சேர்த்துத்தான் குணமாக்க வேண்டும்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். ஏழு பேருக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் 11 வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு அப்புறம் மனநல ஆலோசனை படித்தவள். அதற்குக் காரணம் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தவர். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்க மாட்டார். நான் பிடித்துத் தூக்கினால் மூச்சை அடக்கிக்கொள்வார். ஒருநாள் மெதுவாக, "மேல தூக்குனா கம்பு நழுவுதும்மா" என்றார். கம்பு நழுவி அப்போது 8 மாதம் ஆகியிருந்தது. அவர் கைக்கு மட்டும் அது இன்னும் நழுவிக்கொண்டே இருந்தது.

பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். மூணு வருஷத்துக்கு முந்தி பக்கத்து அறை வெடிச்சது. எனக்குப் பெரிய காயம் இல்லை. கூட வேன்ல வந்த அக்கா இறந்துட்டாங்க. இப்ப குக்கர் விசில் அடிச்சாக்கூட அப்படியே கீழ உக்காந்துடுறேன். வலது தோள்ல ஓயாத வலி. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கிறாங்க. வீட்டுக்காரர் "மறந்து தொலை"ங்கிறார். தீபாவளி வேற வருது.
பெயர் வேண்டாம், கள்ளிக்குடி

அம்மா, "பெரிய காயம் இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேர்ந்து போன அக்கா இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறீர்கள். அது காயம்தான்.

மூளைக்குள்ளே பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று கத்துவது அதன் வேலை. யோசிக்கிற பகுதிக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் அது இதயத்தை ஓடவிட்டு, தசையை இறுக்கி, மூச்சை நெஞ்சுக்கு ஏற்றிவிடும். ஒருநாள் திருடனைப் பார்த்த நாய் மறுநாள் பால்காரரையும் விடாது, அப்படி. உங்களுக்குத் தெரியும் அது குக்கர் என்று. அந்த நாய்க்கு அது பக்கத்து அறை. வீட்டுக்காரர் "மறந்துரு" என்பது யோசிக்கிற பகுதிக்குத்தான் கேட்கிறது. நாய்க்குப் பேச்சு புரியாது. மூச்சு எப்படி ஓடுகிறது, கால் தரையில் இருக்கிறதா, பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருக்கிறாரா, இதெல்லாம் புரியும்.

வெடித்த அறை உங்களுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதவில்லை. வலது பக்கம் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன். சத்தம் வந்த பக்கத்துத் தோளைக் காதோடு சேர்த்துத் தூக்கி, தலையை உள்ளே இழுத்துக்கொள்வது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை. அந்தத் தோளை மூன்று வருஷமாக நீங்கள் இறக்கியே வைக்கவில்லை என்றால் வலிக்கத்தானே செய்யும்? அப்படி இறுக்கிப் பிடித்திருப்பது ஸ்கேனில் தெரியாது.

இன்றைக்கு ஒன்று செய்து பாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு தோளையும் நீங்களாகவே காது வரைக்கும் தூக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். பிறகு சட்டென்று போட்டுவிடாமல், நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்குவது போல இறக்குங்கள். இறக்கும்போது வாயைக் குவித்து மூச்சை நீளமாக விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

குக்கர் விசிலையும் பழக்கலாம். உங்கள் அடுப்படியில் வேண்டாம். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர்களிடம் எத்தனை மணிக்கு உலை வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் வாசலில் வெறுங்காலோடு உட்காருங்கள். வரப்போகிறது என்று தெரிந்து கேட்கும் சத்தம் வேறு, எதிர்பாராமல் வருகிற சத்தம் வேறு. ஒரு விசில் போதும். முடியவில்லையா, எழுந்து போய்விடுங்கள், அது தோல்வி இல்லை. எழுந்து போக முடியும் என்று உடம்புக்குத் தெரிவதே பாதி மருந்து. அந்த அக்கா இறந்ததை மட்டும் தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்க்க முயலாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும்.

உங்களிடம் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். என் அறைக்கு வருகிற பெண்களில் பேச்சு வராமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு முழம் கட்டுகிற அளவு மல்லிகை உதிரிப்பூவும் நாரும் கொடுத்துவிடுவேன். மதுரைக்காரப் பெண்ணுக்குப் பூக்கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கை ஒரே சீராக ஓட ஓட மூச்சும் சீராகும். பத்து முடிச்சுக்குப் பிறகு தலை நிமிராமலே பேச்சு வரும். பலருக்கு இது உதவியிருக்கிறது. உங்களைப் போலவே பட்டாசு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கும் யோசிக்காமல் கொடுத்தேன். நான்காவது முடிச்சில் அவர் விரல் நடுங்கி, நார் அறுந்தது. சரம் பின்னிய விரல் அது. திரியும் நாரும் அந்த விரலுக்கு ஒன்றுதான். அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு யாருக்கு எதைக் கொடுத்தாலும், "இது கைக்கு எப்படி இருக்கு?" என்று முதலில் கேட்காமல் கொடுப்பதில்லை. நீங்களும் யார் எந்தப் பயிற்சி சொன்னாலும், நான் சொன்னதையும் சேர்த்துத்தான், உடம்பு ஒப்பவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

தீபாவளிக்கு ஒரு யோசனை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக ஊரே பட்டாசு வெடிப்பதில்லை. அந்தப் பக்கம் உறவோ பழக்கமோ இருந்தால் இந்த வருஷம் இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வாருங்கள். ஓடி ஒளிவதாக யாரும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

டவுன் பஸ்ஸில் ஒருத்தன் என்னிடம் தவறாக நடந்துகொண்டான். நான் கத்தவில்லை, நகரவில்லை, மரம் மாதிரி நின்றேன். இறங்கி வீட்டுக்கு வந்துதான் அழுதேன். "ஏன் கத்தல?" என்று அம்மாவே கேட்கிறார். ஒரு வருஷமாகிவிட்டது. கூட்டத்தில் நின்றால் கால் மரத்துப்போகிறது. நான் சம்மதித்தது போல ஆகிவிட்டதா?
கல்லூரி மாணவி, மதுரை

இல்லை கண்ணு. இல்லவே இல்லை.

ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பது, ஓடுவது என்று இரண்டு வழியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது ஒன்று உண்டு, உறைந்து நிற்பது. முயல் அதைச் செய்யும், பல்லி செய்யும், மனுஷரும் செய்வார்கள். ஓடவும் வழியில்லை, அடிக்கவும் வழியில்லை என்று உடம்பு கணக்குப் போட்டால், உன்னைக் கேட்காமலே தொண்டையையும் காலையும் பூட்டிவிடும். நீ முடிவெடுத்து நின்றாய் என்றால்தானே சம்மதம் என்ற பேச்சு வரும்? அங்கே முடிவெடுக்க உன்னை விடவே இல்லை. இந்தப் பத்தியை அம்மாவிடம் படித்துக் காட்டு. அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோய்க் கேட்கிறார்.

கால் மரத்துப்போவதற்கு ஒரு பயிற்சி. வீட்டுச் சுவருக்கு முன்னால் ஒரு காலை முன்வைத்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, சுவரைத் தள்ளு. முழுப் பலத்தோடு வேண்டாம், பாதி. குதிகாலிலிருந்து பலம் ஏறி முதுகு வழியாகக் கைக்கு வருவதைக் கவனி. அன்றைக்கு உன் உடம்பு செய்ய நினைத்து முடியாமல்போன அசைவு அநேகமாக இதுதான். என்னிடம் வந்த ஒரு பெண் மூன்றாவது வாரம் சுவரைத் தள்ளிக்கொண்டே "போடா" என்று சொன்னாள். முதலில் கிசுகிசுப்பாக. அப்புறம் தெருவுக்கே கேட்டது.

அவனைத் திரும்பப் பார்க்க நேர்ந்தாலோ, புகார் கொடுக்க நினைத்தாலோ, 181 பெண்கள் உதவி எண். ஒரு வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்காதே.

என் மகனுக்கு பைக் விபத்துக்குப் பிறகு பயம். ஆலோசகர் ஒருவர் முகத்துக்கு முன்னால் விரலை இடமும் வலமும் ஆட்டி, அதைக் கண்ணால் பின்தொடரச் சொல்கிறாராம். 35 வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். இது மந்திரவாதம் மாதிரி இருக்கிறதே?
ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்

ஐயா, சந்தேகப்பட்டது நல்லது. அறிவியல் வாத்தியார் கேட்க வேண்டிய கேள்விதான்.

அதன் பெயர் இ.எம்.டி.ஆர். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1987-ல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, மனதை உறுத்திய நினைவுகள் கண் இடமும் வலமும் அசையும்போது வேகம் குறைவதைக் கவனித்தார். 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். அன்றைக்கும் பலர் உங்களைப் போலவே கேட்டார்கள். பிறகு பல நாடுகளில் சோதித்தார்கள். 2013-ல் உலக சுகாதார நிறுவனம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறுக்கு, அதாவது பி.டி.எஸ்.டி.க்கு, இதையும் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பரிந்துரைத்தது. குணம் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குணத்துக்குக் காரணம் கண் அசைவா, அல்லது பாதுகாப்பான இடத்தில் அந்த நினைவைத் திரும்பத் திரும்பத் தொடுவதா என்ற வாதம் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. ஒரு விளக்கம் இப்படிச் சொல்கிறது: நினைவு ஒரு பக்கம், விரலைத் தொடர்வது ஒரு பக்கம் என்று கவனம் இரண்டாகப் பிரியும்போது, நினைவு தன் முழுக் காரத்தோடு எழ முடியாது.

இன்னொரு ஆய்வும் உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் பாஸ்டனில் மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழுவினர், வேறு சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வாரம் ஒரு மணி நேரம் என 10 வாரம் யோகா, மறு பாதிக்கு உடல்நலக் கல்வி என்று பிரித்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு, முடிவில் பி.டி.எஸ்.டி. என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மற்ற குழுவில் அது 21 சதவீதம். சின்ன ஆய்வுதான், 64 பேர்தான். ஆனாலும் நம் ஊர் மொட்டைமாடியில் செய்கிற காரியத்தை அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே யாரும் வந்து முதுகை அழுத்தி, காலைப் பிடித்து வளைத்துவிடவில்லை. "முடிந்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்" என்று சொல்லித்தான் செய்வித்தார்கள். அதிர்ச்சியில் இருக்கிறவரைக் கேட்காமல் தொடுகிற யோகா மாஸ்டரிடம் மகனை அனுப்பாதீர்கள்.

உங்கள் கேள்வி விரலைப் பற்றி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த விரலுக்கு உரியவரைப் பற்றிக் கேட்பேன். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைத்திருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், தப்பில்லை. இந்த முறைக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா? முதல் நாளே விபத்தைத் தோண்டினாரா, அல்லது மகனுக்குத் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆரம்பித்தாரா? இரண்டாவது என்றால் நிம்மதியாக இருங்கள்.

என் மருமகள் கண் முன்னால அவ தம்பி கண்மாய்ல முங்கிப் போயிட்டான். அதுல இருந்து பொழுது சாய்ஞ்சா மூச்சு முட்டுது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. பாண்டி கோவிலுக்குக் கூட்டிப் போனோம். ஆடி, அழுது தீர்த்தா. ரெண்டு வாரம் நல்லா இருந்தா. திரும்பவும் அதே. மகன் டாக்டரைப் பாக்கணுங்கிறான். எனக்குச் சாமி மேலதான் நம்பிக்கை. நான் செஞ்சது தப்பா?
ஒரு மாமியார், வாடிப்பட்டி

தாயே, நீங்கள் செய்தது தப்பில்லை. மருமகளைத் திட்டாமல், தள்ளி வைக்காமல், கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த இரண்டு வாரம் ஏன் நன்றாக இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி போன துக்கத்தில் வீட்டில் அவள் வாய்விட்டு அழுதாளா? வாழ வந்த வீட்டில் எத்தனை நாள் அழ முடியும்? பாண்டி கோவிலில் மேளம் அடிக்கிறது, கூட்டம் சுற்றி நிற்கிறது, எவ்வளவு கத்தினாலும் யாரும் "மெதுவா"ன்னு சொல்வதில்லை. உடம்பு மாதக்கணக்கில் அடக்கி வைத்த நடுக்கத்தை அங்கே ஆடித் தீர்த்தது. நம் ஊர் ஒப்பாரிகூட அப்படித்தான். மார்பில் அடித்துக்கொண்டு, தோளோடு தோள் கட்டி, முன்னும் பின்னும் ஆடி அழுவதை நம் பாட்டிமார் தெரியாமல் செய்யவில்லை. இப்போது ஒப்பாரி வைப்பதை வெட்கமாக நினைக்கிறோம், பிரீசர் பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஆனால் கோவிலிலிருந்து வந்து, மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவள் எங்கே நின்றாள்? அதே வீடு, அதே நேரம். தம்பி முங்கியது சாயங்காலமா என்று கேட்டுப் பாருங்கள். பயம் வெளியே வந்தது, ஆனால் வந்த பிறகு அதைச் சொல்லில் வைத்து, "அன்றைக்கு நடந்தது, இன்றைக்கு இல்லை" என்று பிரித்துக்கொடுக்க ஆள் இல்லை. சிகிச்சையில் அதைத்தான் செய்கிறோம். ஒரேயடியாக அணையைத் திறக்க மாட்டோம். சொட்டுச் சொட்டாக இறக்குவோம். கண்மாயைப் பற்றிக் கொஞ்சம் பேசுவாள், மூச்சு முட்டத் தொடங்கும், உடனே நிறுத்தி, கையில் ஈரத் துணியைக் கொடுத்து, அறையில் என்னென்ன தெரிகிறது என்று கேட்போம். தணிந்ததும் மறுபடி கொஞ்சம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். கை கால் வெட்டி இழுப்பது வலிப்பா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை, எடுத்துச் சொல்வார். அதிர்ச்சியாலும் இப்படி வரும், வலிப்பாலும் வரும், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரண்டு பிரிவும் உண்டு. மகன் சொல்வதைக் கேளுங்கள்.

கோவிலுக்கும் போங்கள். திருநீறு பூசிக்கொள்ளட்டும். யாராவது சாட்டையால் அடிக்க வேண்டும், பட்டினி போட வேண்டும், கட்டிப்போட வேண்டும் என்றால் அந்த நிமிஷமே கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள் 28 பேர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியில் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

தூக்கம் வராததற்கு மெடிக்கல் ஷாப்பில் பழக்கத்தில் ஒரு மாத்திரை தருகிறார்கள். போட்டால் நிம்மதியாக இருக்கிறது. தொடரலாமா?
வாசகர், திருமங்கலம்

தொடர வேண்டாம். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், இரண்டுமே ஆபத்து. பல தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும் வகை. பல நாள் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளைத் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் சொல்லியிருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள், அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார். நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. மருத்துவர் பார்த்துத் தரும் மருந்தால் தலை நிமிர்ந்து, அதன் பிறகு என்னிடம் பேச முடிந்தவர்கள் நிறைய பேர்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?
வாசகி, நாகமலை புதுக்கோட்டை

நடந்திருக்கிறது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு 14 வயசு. சிம்மக்கல் பக்கம் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அம்மா பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வெடித்தது. அம்மா உயிரோடு வந்தார், கழுத்தும் இடது கையும் வெந்து. நான் கல்யாணமாகி, வேலைக்குப் போய், எல்லாம் ஆன பிறகும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றால் என் இடது கை விரல் மரத்துப்போகும். கேன் நழுவிவிடும். வாசனை அப்படித்தான். பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளையில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் அமிக்டலாவுக்குப் போகும். வாசனை மட்டும் நேர் வழி. நினைவு வருவதற்கு முன்னால் கை மரத்துவிடும்.

ஆலோசனை படிக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையிடமே இதற்காகப் போனேன். முதல் நாள் அறையின் மூலையில் ஒரு காலி பாட்டிலை வைத்தார். காலிதான், வாசனைகூட இல்லை. "எவ்வளவு தூரத்துல இருந்தா சரியா இருக்கும்?" என்று கேட்டார். கதவுக்கு வெளியே என்றேன். எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டதில் எனக்கு அழுகை வந்தது.

ஐந்தாறு வாரம் கழித்துத்தான் இடது கை என்ன செய்ய நினைக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விரல்கள் தாமாக மடங்கின. அவர் ஒரு துண்டை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறு முனையை என் கையில் கொடுத்தார். நான் இழுத்தேன். இழுக்கும்போதுதான் தெரிந்தது, அன்றைக்கு அம்மாவின் முந்தானையை இந்தக் கையால்தான் பிடித்தேன், சூடு தாங்காமல் விட்டுவிட்டேன் என்று. 20 வருஷம் எனக்கு அது நினைவிலேயே இல்லை. துண்டின் மறு முனையில் அவர் மெதுவாக விட்டுக்கொடுத்து, என் பக்கமாக வந்தார். எத்தனை தடவை இழுத்தேன் என்று எண்ணவில்லை. வீட்டுக்குப் போய் அம்மா மடியில் படுத்துக்கொண்டேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

இப்போதும் மண்ணெண்ணெய் வாசம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கை மட்டும் கையாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நாலுவழிச் சாலையில் ஒரு விபத்து. எதிரில் வந்த பையன் இறந்துவிட்டான். தப்பு இவர்மேல் இல்லை என்று கேஸ் முடிந்துவிட்டது. இப்போது தினமும் குடி. ராத்திரி தூக்கத்தில் பிரேக் மிதிக்கிறார், கட்டில் ஆடுகிறது. ஆலோசனைக்குக் கூப்பிட்டால் "நான் என்ன பைத்தியமா?" என்று சண்டை. குழந்தைகள் பயப்படுகின்றன. என்ன செய்வது?
பெயர் வேண்டாம், மேலூர்

தங்கச்சி, அவர் தூக்கத்தில் பிரேக் மிதிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும். கேஸ் முடிந்துவிட்டது, அவர் வலது காலுக்கு இன்னும் முடியவில்லை. அந்தப் பையனைக் காப்பாற்ற அது ஒவ்வொரு ராத்திரியும் முயற்சி செய்கிறது. குடிப்பது அந்தக் காலை உணராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். குடிபோதையில் இருக்கும்போது விபத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

காலையில், டீ குடிக்கிற நேரத்தில், "மனநலம்", "ஆலோசனை" என்ற வார்த்தைகளே இல்லாமல், "ராத்திரி கால் உதறுது, டாக்டரிடம் காட்டலாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பொய்யில்லை, உண்மையிலேயே கால்தான் உதறுகிறது. காலைக் காட்ட வந்து மனசைச் சொல்லிவிட்டுப் போன ஆண்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று இதற்குப் பெயர் வைத்ததே வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஆண்கள் இப்படித் தூங்க முடியாமல், குடித்துத் தீர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான். பைத்தியம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்று அவரிடம் சொல்லலாம், கேட்கிற மனநிலையில் இருந்தால்.

ராத்திரி கட்டில் ஆடும்போது அவர் மேல் சட்டென்று கை வைத்து எழுப்பாதீர்கள். எட்ட நின்று, விளக்கைப் போட்டு, பேர் சொல்லி, "நம்ம வீடு, மேலூரு, நான்தான்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள். எழுந்ததும் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொம்பு. கால் இரண்டும் தரையில் படட்டும். குழந்தைகளிடம், "அப்பா கெட்ட கனவு காண்றாரு, உங்க மேல கோவம் இல்லை" என்று பகலிலேயே சொல்லி வையுங்கள்.

14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழில் பேசலாம், பேர் சொல்ல வேண்டியதில்லை. அவர் செத்துப்போகிறேன் என்று சொன்னாலோ, உங்களையோ பிள்ளைகளையோ அடித்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உதவி கேளுங்கள்.

அவர் வர மாட்டேன் என்றால் நீங்கள் முதலில் போங்கள். ராத்திரி கட்டில் ஆடும்போது உங்கள் நெஞ்சும் படபடக்கத்தானே செய்கிறது? மூன்று பேர் தூங்குகிற வீட்டில் விழித்திருக்கிறவர் நீங்கள். கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.